சாவுச் செய்தியை எதில் சொல்வது?

போன வருடம் எங்கள் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் சண்டை. திருவிழாக் கணக்குக்காக இல்லை, யாருடைய உபயம் எந்த நாள் என்பதற்காகவும் இல்லை. கோயில் செய்தியை இனிமேல் எதில் சொல்வது என்பதற்காக. பலகையில் நோட்டீஸ் ஒட்டினால் போதும் என்றார் தலைவர். வாட்சாப் குரூப் இருக்கும்போது வேறெதற்கு என்றார் பொருளாளர். முகநூல் பக்கம் இல்லாத கோயில் உண்டா என்று கேட்டார்கள் இளைஞர்கள். கடைசியில் "செயலாளர் எல்லாத்தையும் பார்த்து ஒரு முடிவோட வரட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டு, தேத்தண்ணி குடிக்க ஒட்டுக்கடைக்குப் போய்விட்டார்கள்.

நான் பார்த்துச் சொன்ன முடிவுதான் இது. மற்ற ஊர்க் கோயில்களும் பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் இதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகிற வழி. 1948 ஜூன் 16 அன்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டு கிளர்ச்சிக்கு எதிரான மலாயா அவசரகாலம் பிறந்த ஊர். மலேசிய இந்தியர் காங்கிரஸின் முன்னாள் தலைவர் துன் சம்பந்தன் ஊர் என்றாலும் தெரியும். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர், இன்று பெரும்பாலும் செம்பனை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இருந்த சனங்கள், தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தார்கள். பிள்ளைகள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று சிதறினார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில் மட்டும் இடம் மாறவில்லை. ஆக, எங்கள் கோயில் செய்தி என்பது இரண்டு வரிசை வீட்டுக்குச் சொல்கிற செய்தி இல்லை. இரண்டு நாட்டுக்குச் சொல்கிற செய்தி.

கோயில் செய்தி என்றால் மூன்று வகை: திருவிழா, கூட்டம், சாவு. முதல் இரண்டையும் எதில் சொன்னாலும் ஓடிவிடும். திருவிழாத் தேதி ஒரு மாதத்துக்கு முன்பே தெரியும். கூட்டத்துக்கு எப்படிச் சொன்னாலும் வருகிறவர்கள்தான் வருவார்கள். சாவு அப்படி இல்லை. காலையில் உயிர் போனால் மறுநாள் மதியத்துக்குள் எடுத்துவிடுகிறார்கள். தகவல் சீக்கிரம் போக வேண்டும், தப்பில்லாமலும் போக வேண்டும். ஆகையால் நான் எல்லா வழிகளையும் சாவுச் செய்தியை வைத்துத்தான் எடைபோட்டேன். அதற்குத் தாங்குவது மற்றதற்கும் தாங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் குரூப்பில், உயிரோடு இருந்த ஒருவரைச் சாகடித்துவிட்டோம்.

நடந்தது இதுதான். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெரியவர் காலமானார். எங்கள் ஆள் ஒருவருக்கும் அதே பெயர், ஏறக்குறைய அதே வயது. யாரோ பெயரை மட்டும் எழுதி "காலமானார்" என்று போட்டார். இன்னொருவர், நல்ல எண்ணத்தில்தான், போன திருவிழாவில் எடுத்த எங்கள் ஆளின் படத்தைத் தேடி எடுத்துக் கீழே ஒட்டினார். மூன்றாமவர் பெயரையும் படத்தையும் சேர்த்து, பூமாலை, விளக்கு எல்லாம் வைத்து அட்டையாகவே செய்துவிட்டார். கால் மணி நேரத்தில் நாற்பது "ஆழ்ந்த இரங்கல்". சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு அப்பாவுக்கு அழைத்திருக்கிறார். அப்பா செம்பனைக் காட்டுக்குப் பக்கத்தில் மாட்டைத் தேடிப் போயிருந்தார். அங்கே லைன் கிடைக்காது. மகன் பஸ் ஏறிவிட்டார். ஜொகூர் பாரு தாண்டிய பிறகுதான் அப்பா திரும்ப அழைத்து, "என்னடா, அஞ்சு தடவ கூப்பிட்டிருக்க?" என்று கேட்டாராம்.

இன்று இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். அன்று யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் குரூப்பில் திருத்தம் போட்டோம், மன்னிப்பும் கேட்டோம். அட்டை அதற்குள் எத்தனை குரூப்புக்குப் போயிருந்ததோ! மூன்று மாதம் கழித்துக் கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் அந்தப் பெரியவரைப் பார்த்த ஓர் அம்மா, கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டார். பொய் போன தூரத்தில் பாதிகூடத் திருத்தம் போகவில்லை. ஆகவே, எது வேகம், எது மலிவு என்று பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்டது ஒரே கேள்வி: ஒரு செய்தி தப்பாகிவிட்டால், அதை யார் எங்கே நின்று திருத்த முடியும்?

அந்தக் காலத்தில் இதற்குக் குழப்பமே இல்லை. விடிகாலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில், கணக்குப் பார்க்கும் கிராணியோ வேலை வாங்கும் தண்டலோ சொன்னால் செய்தி. சாவு என்றால் தப்பு மேளச் சத்தம் கேட்கும்; சைக்கிளில் ஒருவர் அடுத்த தோட்டத்துக்குப் போவார். சொன்னவர் முகம் எல்லாருக்கும் தெரியும். தப்பாகச் சொன்னால் சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் போய்க் கேட்கலாம். அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. கிராணிக்குப் பிடிக்காத செய்தி பெரட்டில் வராது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

முதலில் நாளிதழ். மரண அறிவித்தலுக்குத் தமிழ்ப் பத்திரிகையை விட மரியாதையான இடம் இன்றும் இல்லை. என் தாத்தா காலத்தில் ஒட்டுக்கடைக்கு வரும் ஒரு பத்திரிகையை ஒருவர் சத்தமாகப் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். ஆனால் 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019 ஜனவரி முடிவோடு நின்றுபோனது. ஏறக்குறைய தொண்ணூற்றைந்து வருடப் பத்திரிகைக்கே அந்தக் கதி. இருக்கிற நாளிதழ்களும் எங்கள் ஊர்க் கடைகளில் சில பிரதிகள்தான் வருகின்றன. அதுவும் நாளைய பத்திரிகை. நாளை மதியம் எடுக்கப்போகும் சாவுக்கு அது உதவாது. பதினாறாம் நாள் காரியத்துக்கும் வருடாவருடம் போடும் நினைவஞ்சலிக்கும் பத்திரிகைதான் என்று எழுதிக்கொண்டேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: தப்பு வந்தால் மறுநாள் அதே பத்திரிகை, அதே வாசகர் கண்ணில் படும்படி திருத்தம் போடும். என் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னது நாளிதழ் ஒன்றுதான். அது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

பலகை நோட்டீஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோயிலுக்கு வருகிறவர் படிப்பார், வராதவர் படிக்கமாட்டார். மழை பெய்தால் யாரும் படிக்கமாட்டார்கள்.

சாதாரணக் குறுஞ்செய்தியை இளைஞர்கள் சிரித்தே ஒதுக்கிவிட்டார்கள். நான் ஒதுக்கவில்லை. நாட்டில் 3ஜி சேவை 2021 கடைசியோடு நிறுத்தப்பட்டது. பழைய 3ஜி போன் வைத்திருந்த பெரியவர்கள் பலருக்கு அத்தோடு இணையம் போனது. புதுப் போன் வாங்காமல் பட்டன் போனுக்கே திரும்பியவர்களை எனக்குத் தெரியும். 2ஜி இருப்பதால் பேச்சும் குறுஞ்செய்தியும் அவர்களுக்கு ஓடுகிறது. சிக்கல் தமிழில்தான். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து கொள்ளும், தமிழில் 70தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'மாரியம்மன்' என்று எழுதினால் நமக்கு ஆறு எழுத்து, போனுக்குப் பத்து. பெயர், வீட்டு முகவரி, எடுக்கும் நேரம் எல்லாம் எழுதி முடிப்பதற்குள் இரண்டு மூன்று செய்திக் காசு போய்விடும். சில பழைய போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ரோமன் எழுத்தில் தமிழை எழுதி அனுப்பலாம். எங்கள் ஆயாக்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அவர்களுக்குப் போன் போட்டுச் சொல்வதுதான் சரி என்று முடிவானது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

அடுத்தது முகநூல் பக்கம். எங்களுக்கு ஏற்கெனவே ஒன்று உண்டு. தொடங்கிய தம்பி வெளியூர் போய்விட்டார், கடவுச்சொல் அவருக்கே மறந்துவிட்டது. எட்டு வருடத்துக்கு முந்திய தீமிதி அறிவிப்போடு அந்தப் பக்கம் இன்றும் நிற்கிறது. யாராவது அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு அழைப்பதும் உண்டு. புதிதாகத் தொடங்கினாலும் சாவுச் செய்திக்கு முகநூல் ஆகாது. பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் எல்லாருக்கும் நம் பதிவு காட்டப்படுவதில்லை. 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னுரிமை, பக்கங்களின் பதிவுகளுக்குக் குறைவு என்று முகநூலே அறிவித்தது. போட்ட வரிசையிலும் வராது. எடுத்து, குளித்து, வீட்டுக்கு வந்த பிறகு "இன்று மதியம் 2 மணிக்கு" என்ற அறிவிப்பு கண்ணில் பட்டால் எப்படி இருக்கும்? படங்களுக்கு மட்டும் முகநூலை விட நல்லது கிடையாது. தேர் இழுத்த படத்தைப் போட்டால் ஆஸ்திரேலியாவில் இருக்கிற பேத்தி வரை பார்க்கிறாள். யாரோ லயத்து வீட்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டு, "இது யார் வீடு?" என்று கேட்டால் இரண்டு நாளுக்குப் பதில் ஓடுகிறது. ஆகவே பக்கம் இருக்கட்டும், ஆல்பமாக. கடவுச்சொல் மூன்று பேரிடம்.

டிக்டாக் வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டார்கள். சாவு வீட்டை நேரலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். 2024 ஜூலையில், டிக்டாக்கில் தொடர்ந்து ஏச்சும் மிரட்டலும் வாங்கிய ஒரு தமிழ்ப் பெண் உயிரிழந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்குக் கிடைத்தது 100 வெள்ளி (ரிங்கிட்) அபராதம். அந்தக் கொதிப்புக்குப் பிறகு தண்டனைச் சட்டத்தில் இணைய மிரட்டலுக்கென்றே புதுப் பிரிவுகள் சேர்ந்து, 2025 ஜூலையில் அமலுக்கு வந்தன. அது நம் சனங்களுக்குள்ளேயே, நம் மொழியிலேயே நடந்தது என்பதை நான் மறக்கத் தயாராக இல்லை. திருவிழா நடனம், உறுமி மேளம் எல்லாம் பிள்ளைகள் தங்கள் கணக்கில் போட்டுக்கொள்ளட்டும். கோயில் பெயரில் வேண்டாம்.

இப்போது வாட்சாப். பிள்ளைகள் பாடத்தில் புலனம், வீட்டில் வாட்சாப்தான். நம் ஊரில் இது இல்லாத இடம் இல்லை. பள்ளி வீட்டுப்பாடம், சீட்டுக் காசு, இடியாப்பம் ஆர்டர் எல்லாம் அதில்தான். 2020 மார்ச்சில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வாத்தியார் பாடம் நடத்தியதும் அதில்தான். முடிவு இதற்குள்ளேதான் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். சண்டை எதற்கென்றால், வாட்சாப் என்றால் ஒன்று இல்லை. குரூப், சேனல், கம்யூனிட்டி என்று மூன்று உண்டு. மூன்றும் மூன்று விதம்.

குரூப்பில் எல்லாரும் பேசலாம். அதுதான் அதன் சுகம், தலைவலியும் அதுவே. காலை வணக்கப் பூ, அரசியல், கடன் விளம்பரம், பிள்ளை பிடிக்கிற வேன் வந்திருக்கிறது என்ற ஐந்து வருடப் பழைய வதந்தி, இதற்கெல்லாம் நடுவில் ஒரு சாவு. 2018இல் இந்தியாவில் இப்படிப்பட்ட வதந்தியை நம்பிக் கூட்டம் சேர்ந்து அடித்தே கொன்ற சம்பவங்களுக்குப் பிறகு, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு (ஆளோ குரூப்போ) மேல் திருப்பி அனுப்ப முடியாதபடி வாட்சாப் முதலில் அங்கே கட்டுப்படுத்தியது. 2019 ஜனவரியில் அதை உலகம் முழுக்க விரித்தது. கை கைக்கு மாறி வந்த செய்தி என்றால் 2020 ஏப்ரல் முதல் ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் போகும். நல்ல காரியம். ஆனால் எங்கள் பூமாலை அட்டைக்கு ஒவ்வொன்றாக அனுப்பினாலே போதுமாக இருந்தது.

திருத்தம் என்று பார்த்தால், போட்ட செய்தியை 15 நிமிடத்துக்குள் மாற்றி எழுதலாம், இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை எல்லார் போனிலிருந்தும் அழிக்கலாம். அந்தக் குரூப்பில் மட்டும். வெளியே திருப்பி அனுப்பப்பட்ட நகல் நம் கையில் இல்லை. கோழி கூடைக்கு வெளியே போன பிறகு கூடையைக் கவிழ்ப்பது போலத்தான்.

சட்டமும் இருக்கிறது. சான்றுச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 114ஏ பிரிவின்படி, ஒரு பதிவில் யார் பெயர் நிற்கிறதோ, யார் அந்த இடத்தை நடத்துகிறாரோ அவரே வெளியிட்டவர் என்று முதலில் கொள்ளப்படுவார்; இல்லை என்று காட்டுவது அவர் பாடு. 2021 பிப்ரவரியில் மலேசியாகினி என்ற இணையச் செய்தித் தளத்துக்குக் கூட்டரசு நீதிமன்றம் 500,000 வெள்ளி அபராதம் போட்டதே, அது அவர்கள் எழுதிய செய்திக்காக இல்லை. வாசகர்கள் கீழே எழுதிய கருத்துகளுக்காக. வாசகர்களே சில மணி நேரத்தில் அந்தத் தொகைக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். எங்களுக்கு யார் திரட்டிக் கொடுப்பார்? தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவிலும் அதிகபட்ச அபராதம் 50,000 வெள்ளியாக இருந்தது, 2025இல் 500,000 ஆனது. கோயில் குரூப் நிர்வாகியாக என் பெயர் இருக்கும்போது, நள்ளிரவில் யாரோ வேறொரு மதத்தைப் பற்றி ஒரு வீடியோவைத் தட்டிவிட்டால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

இதைச் சொன்னதும் ஓர் அண்ணன் எழுந்து, "அப்ப வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்றியா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 2007 நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராப் பேரணிக்கு ஆள் சேர்ந்தது பெரிய பத்திரிகையால் இல்லை. குறுஞ்செய்தியாலும் வாய்ச்சொல்லாலும் இணையத்தாலும். 2008 மார்ச் 8 தேர்தலில் இதே சுங்கை சிப்புட்டில், 1974 முதல் தொகுதியைக் கையில் வைத்திருந்த ஆளுங்கட்சி அமைச்சர் சாமிவேலு தோற்று, எதிர்க்கட்சி டாக்டர் ஜெயக்குமார் வென்றார். இணையத்தை அலட்சியம் செய்தது பெரிய தவறு என்று அன்றைய பிரதமர் அப்துல்லா படாவியே ஒப்புக்கொண்டார். கிராணி சொல்லாததைச் சொல்ல ஒரு வழி கிடைத்தது என்றால் அது இதுதான். அதனால் எல்லாரும் பேசுகிற குரூப்பை மூடச் சொல்லவில்லை. அது தனியாக இருக்கட்டும், கோயில் பெயர் இல்லாமல். ஒட்டுக்கடை மேசை மாதிரி. அதில் போடுவது நிர்வாகத்தின் செய்தி ஆகாது.

சரி, சேனல்? இதைத்தான் முதலில் நான் எடுத்துக்கொண்டு போனேன். நிர்வாகி மட்டும் போடுவார், பார்க்கிறவர் எண் மற்றவருக்குத் தெரியாது, எண்ணிக்கைக்கு வரம்பு பற்றிக் கவலை இல்லை. வீட்டில் ஒரு வாரம் சோதித்தேன். தோல்வி. சேனல் செய்தி சாதாரண உரையாடல் பட்டியலில் வராது, பக்கத்தில் வேறொரு தாவலில் கிடக்கும். நாமாக மாற்றாவிட்டால் சத்தமும் போடாது. என் அம்மாவுக்கு அப்படியொரு இடம் போனில் இருப்பதே தெரியவில்லை. "அது சினிமாக்காரங்க வீடியோ வர்ற இடம் இல்ல?" என்றார். சத்தம் போடாத சாவுச் செய்தியை வைத்து என்ன செய்வது?

மிஞ்சியது கம்யூனிட்டி. 2022 கடைசியில் வந்தது. உள்ளே அறிவிப்புக் குழு என்று ஒன்று தானாகவே இருக்கும். நிர்வாகிகள் மட்டும்தான் அறிவிப்புப் போடலாம். மற்றவர் பதில் எழுதினாலும் அந்த அறிவிப்பின் கீழே ஒதுங்கி நிற்கும். உரையாடல் பட்டியலிலேயே வரும், சத்தமும் போடும். சாதாரணக் குரூப்பின் 1,024 பேர் வரம்பை விட அதிகம் பேரைச் சேர்க்கலாம். எங்கள் பெண்பிள்ளைகளுக்கு முக்கியமான ஒன்று: அறிவிப்புக் குழுவில் ஒருவர் எண் அறிமுகமில்லாத மற்றவருக்குத் தெரியாது. பழைய குரூப்பில் இருந்து எண்ணை எடுத்து "ஹாய்" அனுப்பிய ஆள்களைப் பற்றி எத்தனை புகார்! குரல் பதிவும் போடலாம். இது பெரிய விஷயம். மலாய்ப் பள்ளியில் படித்த பேரனுக்குத் தமிழ் படிக்க வராது, ஆயாவுக்கு எழுத்தே வராது. இரண்டு பேருக்கும் காது இருக்கிறது.

ஆக, நான் எழுதிக் கொடுத்தது: கம்யூனிட்டி அறிவிப்புக் குழு ஒன்று, மூன்று நிர்வாகிகள். சாவு என்றால் குடும்பத்தில் ஒருவரோடு நேரில் அல்லது போனில் பேசாமல் போடக்கூடாது. தகப்பன் பெயரும் எந்தத் தோட்டம் என்பதும் இல்லாமல் போடக்கூடாது. குடும்பம் கொடுக்காத படம் கிடையாது, அட்டை கிடையாது. எழுத்தோடு ஒரு நிமிடக் குரல், போட்டவர் தன் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். தப்பு வந்தால் சத்தமில்லாமல் அழிப்பது கிடையாது. அதே இடத்தில், அதே குரலில் திருத்தம். அப்புறம் அந்தப் பட்டன் போன் பட்டியல்: பதினேழு வீடு, மூன்று பேர் பிரித்துக்கொண்டு கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். பலகையும் இருக்கும், பிளாஸ்டிக் உறை போட்டு.

தலைவருக்கு உறை மட்டும் பிடித்திருந்தது. இளைஞர்களுக்கு அட்டை கிடையாது என்பதில் மனக்குறை. பொருளாளர், குரூப்பை மூடமாட்டோம் என்றதும் சமாதானமானார். ஓட்டுக்கு விட்டதில் ஒரே ஒருவர் எதிர்த்தார்: அன்று "செத்துப்போன" அந்தப் பெரியவர். அவருக்கு அறிவிப்பில் ஆட்சேபணை இல்லை. "குடும்பத்துல ஒருத்தர்கிட்ட கேட்டா போதும்னு போட்டிருக்க. என் வீட்ல எம்மவன்கிட்ட கேட்டாக்க, அவன் சிங்கப்பூர்ல இருக்கான், அவனுக்கு என்ன தெரியும்?" என்றார்.

'நேரில் பார்த்த ஒருவர்' என்று மாற்றி எழுதினோம்.